மிஞ்சிய கண் சொட்டு மருந்தைப் பிராணிகளுக்கு விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற இதழின் குடும்பப் பக்கத்தில், வாசகர் கைமருந்துப் பகுதியில் வந்த ஒரு குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். வீட்டுப் பிராணிகளின் கண் சிவந்து நீர் வடிந்தால், பெரியவர்களின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்தில் ஒரு துளி விடலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தங்கள் வீட்டு ஃபெரட்டுக்கு அப்படி விட்டதாகவும், இரண்டே நாளில் சிவப்பு மறைந்ததாகவும் சொல்லியிருக்கிறார். மறைந்திருக்கும், நான் மறுக்கவில்லை. சிவப்பை அடக்குவதுதானே அந்த மருந்தின் வேலை. அடியில் இருந்த காயம் என்னவாயிற்று என்பதுதான் என் கேள்வி.

நான் யாழ்ப்பாணத்தில் மருந்தாளராகத் தொடங்கி, ரொறன்ரோவில் அதே தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவள். மிருக வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் சொட்டு மருந்துப் போத்தல்களில் என்ன இருக்கிறது என்று வாசித்தே வயது போனவள். அத்துடன், என் பேத்தி ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஃபெரட் வளர்க்கிறாள். இந்த இரண்டு தகுதியும் சேர்ந்துதான் இந்தக் கடிதம்.

ஃபெரட் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களும் இருப்பார்கள். கீரியைப் பிடித்து நீட்டி மெலித்துவிட்டது போல இருக்கும். கீரி அல்ல; ஐரோப்பியக் காட்டுப் பிராணி ஒன்றை முயல் வேட்டைக்காக மனிதர் பழக்கியெடுத்த இனம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதரோடு இருக்கிறது. பெரும்பாலும் பெண் ஒரு கிலோவைத் தொடாது, ஆண் இரண்டு கிலோவைத் தாண்டாது. முயல் வளைக்குள் புகுந்து பழகிய உடம்பாகையால் வீட்டில் எந்த இடுக்கையும் விட்டுவைக்காது. நாளில் பதினான்கு, பதினெட்டு மணிநேரம் தூங்கும். மிச்ச நேரத்தில் நாம் தூங்க முடியாது.

எங்கள் வீட்டு ஃபெரட்டுக்குப் பேத்தி வைத்த பெயர் கச்சான், அதாவது நிலக்கடலை. நிறத்தைப் பார்த்து வைத்தாளாம். அதற்குப் பிடித்த இடம் சோபாவின் அடி. சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் கறுப்பாக ஒரு மெல்லிய துணியை ஸ்டேப்பிள் கம்பிகளால் அடித்திருப்பார்கள். கச்சான் அந்தத் துணியைக் கிழித்து உள்ளே குடிபோய்விட்டது. கிழிந்த இடத்தில் ஸ்டேப்பிள் ஒன்று ஒரு கால் நிமிர்ந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் மாலை பேத்தி, "அம்மம்மா, கச்சான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வருகிறது" என்றாள். தூக்கிப் பார்த்தால் இடக்கண் பாதி மூடியிருக்கிறது. ஓரத்து மயிர் நனைந்து ஒட்டியிருக்கிறது. முன்காலால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே இருக்கும் ஐயா நல்ல மனிதர். போன வருடம் கண்புரை எடுத்தவர். உடனே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தன் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வந்துவிட்டார். போத்தலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். டெக்சாமெத்தசோன். "ஐயா, இது வேண்டாம்" என்றேன். அவருக்குச் சற்று மனவருத்தம். தனக்கு ஒத்துக்கொண்ட மருந்து இந்தச் சின்னப் பிராணிக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். உங்கள் வாசகரும் அதையேதான் கேட்பார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கண்புரை எடுத்த பிறகு கொடுக்கப்படும் மருந்துகளில் டெக்சாமெத்தசோன் அல்லது பிரட்னிசொலோன் அநேகமாக இருக்கும். இரண்டும் ஸ்டீரொய்ட் வகை. சத்திரசிகிச்சையால் வரும் அழற்சியை அடக்கத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணின் உட்புற அழற்சிக்கு மிருக வைத்தியரும் அதையே எழுதிக் கொடுப்பார். ஆனால் கருவிழியின் மேல் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்தில் (கோர்னியா) கீறலோ புண்ணோ இருக்கும்போது அதே மருந்து விஷமாகிவிடும். புண்ணை மூடப் புதிய செல்கள் வந்து சேர்வதை அது தாமதமாக்குகிறது. கிருமியோடு போராடும் உடம்பின் கையைக் கட்டிவிடுகிறது. படலத்தை அரிக்கும் நொதிகளுக்கு இடம் கொடுக்கிறது. கடுகளவு கீறல் ஆழமான புண்ணாகி, படலமே கரைந்து ஓட்டை விழும் நிலைக்கும் போகலாம். அதற்குப் பிறகு கண்ணை எடுப்பதைத் தவிர வழி இல்லாமற் போகவும் கூடும். இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடக்கிறபோதே வெளியில் சிவப்பு குறைந்துகொண்டு வரும். வீட்டுக்காரர் குணமாகிறது என்று நினைத்து இன்னொரு துளி விடுவார்.

கீறல் இருக்கிறதா இல்லையா என்பதை வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. மிருக வைத்தியராலும் முடியாது. அதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபுளூரெசீன் என்ற செம்மஞ்சள் சாயம் தோய்த்த சிறிய காகிதத் துண்டு. அதன் நுனியில் உப்புநீர் ஒரு சொட்டு விட்டு, அந்தச் சொட்டைக் கண்ணில் விழவைத்தார்கள். பிறகு உப்புநீரால் கழுவினார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு நீல ஒளியைக் காட்டினார்கள். படலம் நலமாக இருந்தால் சாயம் வழுக்கிக்கொண்டு போய்விடும்; மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டும். கச்சானின் கண்ணில், கருமணிக்குச் சற்றுக் கீழே, நகம் பட்ட தடம்போலப் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது. சில நிமிட வேலை. இதற்குள் கச்சான் ஒரு கரண்டி சால்மன் மீன் எண்ணெயை நக்கி முடித்து, இன்னும் இருக்கிறதா என்று மருத்துவத் தாதியின் கையை மணந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஃபெரட்டின் ருசி அப்படி. எண்ணெயைக் காட்டினால் உலகம் மறந்துவிடும். நகம் வெட்டுவதற்கும் நாங்கள் இதே தந்திரத்தைத்தான் செய்கிறோம்.

ஸ்டீரொய்ட் இல்லாத நுண்ணுயிர்க் கொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில நாளில் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மீண்டும் சாயமிட்டுப் பார்த்தார்கள். மேலோட்டமான கீறல் சரியான மருந்தோடு ஒரு வாரத்துக்குள் மூடிவிடும், இதுவும் மூடிவிட்டது. நாய்க்குப் போடுவதுபோலக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டலாமே என்று கேட்டேன். ஃபெரட்டுக்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், அதனால் மாட்டினாலும் பின்னங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிக் கழற்றிவிடும் என்று சிரித்தார்கள். அதற்குப் பதிலாக முன்கால் நகங்களைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள்.

சோபாவின் அடியை நாங்கள் இப்போது மெல்லிய பலகை அடித்து மூடிவிட்டோம். கூட்டுக்குள் மரத்தூளும் வைக்கோலும் போடுவதில்லை. தூசி கண்ணை உறுத்தும், வைக்கோல் முனை குத்தும். பழைய துவாய்களும் பேரப்பிள்ளைகளின் சிறுத்துப்போன சட்டைகளும் போதும். வீட்டில் பூனையும் இருந்தால் இரண்டையும் கண்காணிப்பில்லாமல் ஒன்றாக விடாதீர்கள். பூனை விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினாலும் நகம் முதலில் படுவது கண்ணில்தான்.

உங்கள் வாசகர் எழுதியதில் இன்னொரு வரி என்னை உறுத்தியது. ஃபெரட்டுக்குப் பார்வையே மட்டம், மூக்கால்தான் உலகத்தை அறிகிறது, ஆகவே கண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். முதற்பாதி சரி. தூரத்துப் பொருள் அதற்குத் தெளிவாகத் தெரியாது. மங்கலான வெளிச்சத்தில் அசைவதைக் கண்டுபிடிக்கும், மற்றதற்கெல்லாம் மூக்கும் காதும்தான். குட்டிகள் கண் திறக்கவே நான்கு, ஐந்து வாரம் ஆகும். ஆனால் பார்வை மட்டம் என்றால் வலியும் மட்டமா? பார்வைக்கு அப்பாலும் கண் பலதைச் சொல்கிறது. ஃபெரட்டின் உடம்புக்குள் வரும் பெரிய நோய்களில் சில, கண்ணிலும் முகம் காட்டும்.

இரண்டு கண்ணிலும் நீர் வடிந்து, தும்மலும் சோர்வும் சேர்ந்தால், முதலில் வீட்டில் யாருக்குத் தடிமன் காய்ச்சல் என்று பாருங்கள். மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா ஃபெரட்டுக்கு அப்படியே தொற்றும். 1933 இல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்தோபர் அன்ட்ரூஸ், பட்ரிக் லெய்ட்லோ ஆகிய மூவரும், காய்ச்சல்காரரின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டு நோயை வரவழைத்துத்தான், மனித இன்ஃபுளுவென்சா வைரஸால் வருவது என்று காட்டினார்கள். திரும்பி வரும் வழியும் உண்டு. ஃபெரட்டிடமிருந்து ஆய்வாளர் ஒருவருக்குத் தொற்றியது 1936 இல் பதிவாகியிருக்கிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களில் வீட்டில் பாட்டாவும் பிள்ளைகளும் வரிசையாக இருமிக்கொண்டிருக்கும்போது ஃபெரட்டை முகத்தோடு வைத்துக் கொஞ்ச வேண்டாம். கைகழுவி, முகக்கவசம் போட்டுச் சாப்பாடு வையுங்கள்.

அதே நீர் பீளையாகத் தடித்து இமைகளை ஒட்டவைத்து, தாடையின் அடியில் தோல் சிவந்து, பாதங்கள் தடித்துக் காய்த்துப்போனால் அது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். நாய்களுக்கு வருவதுதான். நாய்களில் சில தப்பிப் பிழைக்கும். ஃபெரட் தப்புவது மிக அபூர்வம். எங்கள் ஃபெரட் வாசலைத் தாண்டுவதே இல்லை, அதற்கு ஏன் தடுப்பூசி என்று கேட்பவர்கள், குப்பைத் தொட்டியைக் கிளறும் ரக்கூன்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்து ரக்கூன்களிடம் டிஸ்டெம்பர் இருக்கிறது. நம் சப்பாத்தும் உடுப்பும் அதை உள்ளே கொண்டுவரலாம். தடுப்பூசி ஒன்றுதான் வழி. வந்த பிறகு எந்தச் சொட்டு மருந்தும் உதவாது.

ஒரு கண் மட்டும் முன்னால் பிதுங்கி நிற்கிறதா? கண்ணுக்குப் பின்னால் ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். பல்வேரில் சீழ் கட்டியிருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கலாம், நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த நோய் ஃபெரட்டுகளில் அபூர்வமல்ல. கண் முன்னால் தள்ளப்படாமல் விழியே பெருத்து, படலம் நீலம் பாரித்தால் கண் அழுத்த நோய். அது கடுமையான வலி தரும். அன்றைக்கே போக வேண்டும். நாய் கடித்தோ கதவில் நசுங்கியோ விழி வெளியே வந்துவிட்டால், உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் ஈரம் காயாமல் மூடிக்கொண்டு ஓடுங்கள். உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம்.

கண்ணில் எந்தக் குறையும் இல்லாமலே கண் காட்டிக்கொடுக்கும் ஒரு நோய் இருக்கிறது. மூன்று, நான்கு வயதைத் தாண்டிய ஃபெரட் திடீரென்று எங்கேயோ வெறித்துப் பார்த்தபடி நிற்கும். கூப்பிட்டால் திரும்பாது. வாயில் எச்சில் வடியும், முன்காலால் வாயைப் பிறாண்டும், பின்கால்கள் துவளும். பார்வை போய்விட்டது என்று நினைத்துப் பலர் கண் மருந்து தேடுவார்கள். அது பெரும்பாலும் கணையத்தில் வரும் கட்டி. அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்து இரத்தச் சீனியை இறக்கிவிடுகிறது. அந்த நிமிடத்தில் பல்முரசில் (ஈறில்) சிறிது தேன் தடவி, கொஞ்சம் தெளிந்ததும் இறைச்சி உணவு கொடுத்துவிட்டு, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வலிப்பு வந்திருந்தால் விரலை வாய்க்குள் விடாதீர்கள்.

கண்புரையைப் பற்றி மட்டும் நான் அதிகம் பயமுறுத்த மாட்டேன். கருமணிக்குள் பால் விட்டதுபோல் வெளுப்பது ஃபெரட்டுகளில் வழக்கம். சிலவற்றுக்குப் பரம்பரையாக இளவயதிலேயே வரும். வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள், புரை முற்றும்போது உள்ளே அழற்சி வரலாம், வில்லை இடம் நழுவலாம். மற்றப்படி, மூக்கை நம்பி வாழும் பிராணிக்குப் பார்வை போனாலும் நாள் நன்றாகவே ஓடும். கதிரை, மேசைகளை இடம் மாற்றாமல் இருங்கள். தூக்குவதற்கு முன் குரல் கொடுங்கள், கையை மணக்க விடுங்கள். தூங்குகிறதைத் திடுக்கிட எழுப்பினால் கடிக்கும், நாமும்தான் கடிப்போம்.

மிஞ்சிய ஸ்டீரொய்ட் மட்டுமல்ல, நம் வீடுகளில் உள்ள மற்ற அன்பான வைத்தியங்களும் எனக்குக் கவலை தருகின்றன. முலைப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, ஆறவைத்த தேத்தண்ணீர், பன்னீர். எங்கள் அம்மாவும் இவற்றை எங்கள் கண்ணில் விட்டவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கொதிக்கவைத்து வடிகட்டாத சாறு எதுவும் புண்ணுள்ள கண்ணுக்குக் கிருமி சேர்க்கும் வழிதான். கடையில் விற்கும், கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இன்னும் மோசம். அதில் இருக்கும் டெட்ராஹைட்ரோசோலின் போன்றவை இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. நாய், பூனை நக்கி விழுங்கினாலே இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கி மயங்கிவிடும். ஓரிரு கிலோ மட்டுமே எடையுள்ள பிராணியை நினைத்துப் பாருங்கள். கண்ணில் தூசி விழுந்தால், கிருமி நீக்கிய வெறும் உப்புநீர் போத்தல் ஒன்று மருந்தகத்தில் சில டொலருக்குக் கிடைக்கும். அதைத் தாராளமாக ஊற்றிக் கழுவலாம். கொன்டாக்ட் லென்ஸ் ஊறவைக்கும் திரவம் அதுவல்ல. அதை விடவே வேண்டாம். கழுவிய பிறகும் கண்ணைச் சுருக்கினால், அடுத்த துளி எது என்று சொல்ல வேண்டியவர் சாயமிட்டுப் பார்த்தவர் மட்டுமே.

செலவு ஆகிறது என்று சிலர் சொல்வார்கள். ஆகத்தான் செய்யும். எல்லா மிருக வைத்தியசாலைகளும் ஃபெரட்டைப் பார்ப்பதும் இல்லை. எங்களையும் ஓரிடத்தில், நாய் பூனை மட்டும்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குளிருக்குள் பெட்டியோடு நின்ற பேத்தியின் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களை நான் மதிக்கிறேன். ஃபெரட் வளர்ப்பவர்கள், அது நலமாக இருக்கும் நாளிலேயே, யார் பார்ப்பார்கள், இரவில் யார் திறந்திருப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டு எழுதிக் குசினியில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ஆனால் நாற்பதாம் பக்கத்து மூலையில் விளம்பரங்களுக்கு நடுவே அல்ல. குறிப்பு வந்த அதே குடும்பப் பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். பத்திரிகையை வெட்டி ஒட்டி வைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. இனிமேல் கைமருந்துப் பகுதியில் கண், காது, குழந்தை, பிராணி என்ற நான்கில் எதைப் பற்றி வந்தாலும், அச்சேற்றுமுன் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன். மருந்துப் பெயர்கள் சம்பந்தப்பட்டதை வாசித்துச் சொல்ல எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

கண்புரை எடுத்த பெரியவர்களுக்கும் ஒரு சொல். திறந்த சொட்டு மருந்தை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். உங்கள் கண்ணுக்கே அது ஆகாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் போத்தல்களை மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்ராறியோவில் பெரும்பாலான மருந்தகங்கள் பழைய மருந்துகளைக் கட்டணமின்றி வாங்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
ஸ்காபரோ.